கோழிக்கு வியர்க்காது!

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போனால் ஜன்னலோர ஸீட் பிடியுங்கள். வழியெல்லாம் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். நீளவாக்கில் கிழக்கு மேற்காகவே படுத்திருக்கும். வாஸ்து இல்லை சார், வெயில் பக்கவாட்டில் நுழையாமலிருக்கத்தான்!

கோழிக்கு வியர்க்காது. கூரை கொதித்தால் வாய் பிளந்து மூச்சு வாங்கும். முதலில் முட்டை ஓடு மெலியும், பிறகு முட்டை குறையும், கடைசியில் கோழியே குறையும். ஆக, முதலாளியின் லாபம் தலைக்கு மேலே இருக்கிறது.

தென்னங்கீற்று குளுகுளு, ஆனால் ஒரு தீப்பொறி போதும். ஆஸ்பெஸ்டாஸ் உடைந்தால் தூசி நுரையீரலுக்கு எமன். துத்தநாகம் பூசிய தகரம் மலிவு, எடையும் குறைவு. அதிலுள்ள நெளிவு அழகுக்கல்ல. தட்டைத் தகடு தொய்யும், நெளித்தது தாங்கும். 1829-லேயே லண்டனில் ஹென்றி பால்மர் கண்ட சூட்சுமம். இப்போது கால்வல்யூம்: பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். சீக்கிரம் துருப்பிடிக்காது, வெயிலையும் திருப்பியனுப்பும். பழசானால் எடைக்குப் போடலாம்.

இருந்தும் சித்திரையில் எந்தத் தகரமும் தகரம்தான். மேலே வெள்ளையடித்து, ஸ்பிரிங்க்ளர் வைத்து நனைக்கிறார்கள்.

"வூட்ல ஃபேன் ஓடாட்டிப் பரவால்லீங்க, கூரை மேல தண்ணி ஓடோணும்" என்றார் ஒரு பண்ணைக்காரர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. அவருக்கு வியர்க்கிறதே, தப்பித்துக்கொள்வார்!