தூணா விக்கிறதா, ரூமா விடுறதா?

மதுரையில படிக்கிறீங்களா? லீவு கிடைச்சா கொடைக்கானலுக்குத்தான் போகணும்னு சட்டமா என்ன? மாட்டுத்தாவணியில் காரைக்குடி பஸ் ஏறுங்க பாஸ். சுமார் 90 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சி ரோட்டில் கொஞ்ச தூரத்தில் கானாடுகாத்தான். நகரத்தார் வீடுகளை அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கும்!

ஒரு தெருவில் ஆரம்பிக்கிற வீடு அடுத்த தெருவில்தான் முடியும். முன்வாசலில் நின்றால் கட்டு கட்டாகத் தாண்டி பின்வாசல் தெரியும். திண்ணையும் முகப்பும் விருந்தாளிக்கும் வியாபாரத்துக்கும். அடுத்தது வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவரும் ஒரு ‘புள்ளி’. புள்ளிக்குப் புள்ளி அறை உண்டு. கடைசியில் அடுப்படி. தேக்கு பர்மாவிலிருந்து, மார்பிள் இத்தாலியிலிருந்து, தரைக்கு நம்ம ஆத்தங்குடி கல்!

இத்தனைக்கும் காசு தந்தது பர்மா, மலேயா வட்டிக்கடைகள். 1942-ல் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனது. வரவு நின்றது, வீடு மட்டும் நின்றது. ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். ஓடு நகர்ந்தால் மழை உள்ளே இறங்கும், உத்தரம் உளுத்துப்போகும். மாத்துற செலவை யார் தருவது? பல வீடுகளைப் பிரித்தே விற்றுவிட்டார்கள். தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

கானாடுகாத்தான் ‘விசாலம்’ தப்பித்த கதை வேற. வீடு மகன்களுக்குத்தான் என்றிருந்த ஊரில், 1930-களில் ஒரு அப்பா தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டியது. பிறகு 15 அறை ஹோட்டலாக மாறியது. கடியாபட்டி ‘சிதம்பர விலாஸு’ம் இப்படித்தான் ஹோட்டலானது.

‘பரம்பரை வீட்டுல காசு பார்க்கலாமா?’ன்னு கேட்கத் தோணுதா? நியாயமான கேள்விதான். சீர் சாமான் வைத்துப் பூட்டிய அறையில் ஏசியும் ஷவரும் வந்தால் மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ஆனா ரூம் வாடகையில் கூரை ஒழுகாமல் நிற்குது. தூணா வித்தா அந்த வீடே இல்லை.

2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பிடித்தது. பெருமைதான்; ஆனா ஓடு மாத்த பட்டியல் வராதே!

அங்கே தங்குற அளவுக்கு நம்ம பாக்கெட் மணி தாங்காது. தெருவில் நடக்க காசு வேண்டாம். திறந்திருக்கிற வீட்டில் அனுமதி கேட்டு எட்டிப் பாருங்க. பூட்டிய வீட்டையும் நின்னு பாருங்க.

அப்படியே, உங்க தாத்தா வீட்டுச் சாவி இப்ப யார்கிட்ட இருக்குன்னு வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க!