எந்தப் படம் போகணும்?

நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று வைத்த கூட்டத்தில் லேஅவுட் தம்பி ஒருவர் மைக்கைப் பிடித்து, "சார் பார்த்த வேலையை இனிமே சாஃப்ட்வேரே பார்த்துக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவர் சொன்ன வேலை படம் எடுப்பதல்ல. எடுத்து வந்ததில் எது அச்சுக்குப் போகணும் என்று முடிவு செய்வது. ஒரே ஆள், ஒரே இடம், ஏழெட்டு ஃப்ரேம். பக்கத்தில் இருப்பதோ ஒன்றுக்கான இடம். மோசமான படத்தை யார் வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். இரண்டு நல்ல படங்களில் ஒன்றைத் தள்ளுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

நான் கான்டாக்ட் ஷீட் காலத்து ஆள். ஒரு ரோலின் ஃப்ரேம் எல்லாம் ஒரே தாளில் சின்னச் சின்னதாக இருக்கும். லூப் என்கிற பூதக்கண்ணாடியை வைத்து ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்ந்து, தேறியதைச் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டுவோம். நியூஸ்பிரின்ட் என்றால் அங்குலத்துக்கு 85 வரிப் புள்ளி ஸ்கிரீனில் ஷேடோ அடைத்துக்கொள்ளும். ஆர்ட் பேப்பரில் அழகாக உட்காரும் படம் அங்கே கரியாகிவிடும். அந்தக் கணக்கையும் லூப்புக்குள்ளேயே போட்டாக வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதது எங்கள் சீஃப் சொல்லிக்கொடுத்தது. அதிகம் பேசமாட்டார். கையில் படத்தைக் கொடுத்தால் முதலில் தலைகீழாகத் திருப்புவார். "முகம் தெரிஞ்சா மனசு மயங்கிரும்டா. மொதல்ல மூலையைப் பாரு" என்பார்.

தை பிறந்தால் எங்களுக்குத் தலைவலி. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டுப் படங்கள் ரோல் ரோலாக வந்து விழும். ஒரு வருஷம் அலங்காநல்லூர் ரோலில் அடுத்தடுத்து மூன்று ஃப்ரேம். ஒரே மாடு, ஒரே வீரர். முதலாவதில் வாடிவாசலை விட்டுப் பாய்ந்த மாட்டின் நான்கு காலும் தரையில் இல்லை. மண் சிதறிப் பறக்கிறது. பார்த்தவர் எல்லாம் வாய் பிளந்தார்கள். மூன்றாவதில் வெயில் சரியாக மாட்டின் முதுகில் விழுந்து, தூசி பொன்னாக மின்னியது. இரண்டாவது சப்பென்று இருந்தது. மாட்டின் முகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வீரர் கண்ணை இறுக மூடி, கன்னத்தைத் திமிலில் அழுத்திக்கொண்டு தொங்குகிறார்.

எடுத்து வந்தவர் முதல் படத்துக்காக மன்றாடினார். சீஃப் லூப்பை அவரிடமே நீட்டி, "இடது கை எங்கே இருக்கு?" என்றார். விரல்கள் கொம்பைப் பற்றியிருந்தன. மூன்றாவதில் மூலையைக் காட்டினார். பின்னால் இன்னொரு பையன் வாலைப் பிடித்திருந்தான். திமிலைத்தான் பிடிக்கணும், கொம்பையோ வாலையோ தொடக்கூடாது என்பது களத்தின் விதி. செய்தியில் அவரைச் சிறந்த மாடுபிடி வீரர் என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே அவர் கொம்பைப் பிடிக்கிற படத்தைப் போட்டால் மதுரைக்காரன் காறித் துப்புவான். இரண்டாவது படம்தான் போனது. திமிலைக் கட்டிய இரண்டு கையும் அதில்தான் இருந்தன.

படத்தை மட்டும் தெரிந்தவனால் தேர்ந்தெடுக்க முடியாது. படத்தில் இருக்கும் விஷயமும் தெரிந்திருக்கணும். ஜல்லிக்கட்டுக்கு விதி, நாட்டியத்துக்கு முத்திரை, தேருக்கு எந்த வீதியில் எந்தத் திசையில் திரும்பும் என்பது. ஷார்ப்பாக இருக்கிறதா, கண் மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற சாஃப்ட்வேர் அந்த இரண்டாவது ஃப்ரேமை முதல் வேலையாகக் கழித்திருக்கும்.

இப்போது அதையும் தாண்டிவிட்டார்கள். 2023இல் வந்த கூகுள் பிக்சல் போனில், அடுத்தடுத்து எடுத்த குரூப் போட்டோக்களில் ஒருவர் முகத்தை இதிலிருந்தும் இன்னொருவர் முகத்தை அதிலிருந்தும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். அப்படி ஒரு நொடி நடக்கவே இல்லை. தேர்வு செய்யத் தெம்பில்லாதவர்களுக்கு நல்ல வசதி.

அதைவிட எனக்கு ஆத்திரம், தேறாததை அங்கேயே அழித்துவிடுகிற பழக்கம். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில், கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் கியூபப் புகைப்படக்காரர் ஆல்பெர்ட்டோ கோர்டா சே குவேராவை இரண்டே ஃப்ரேம் எடுத்தார். நெட்டுவாக்கில் எடுத்ததில் தோளுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் தலை முளைத்திருந்தது. குறுக்குவாக்கில் எடுத்ததில் ஓரத்தில் ஒரு மனிதரும், மறுபக்கம் மர இலைகளும். இரண்டையும் வெட்டிவிட்டால் சே மட்டும் நிற்பார் என்று கோர்டாவுக்குத் தெரிந்தது. அவருடைய பத்திரிகைக்குத் தெரியவில்லை. ஃபிடல் காஸ்ட்ரோவின் படத்தைப் போட்டு, இதை ஒதுக்கிவிட்டது. நெகட்டிவ் இருந்ததால் பிழைத்தது. சே இறந்த 1967இல் அது போஸ்டராகி உலகம் சுற்றியது. இன்றைய தம்பியாக இருந்தால், மெமரி கார்டில் இடமில்லை என்று கூட்டம் கலைவதற்குள் அழித்திருப்பார்.

படம் எடுத்தவர் பெயரை ஓரத்தில் போடுகிறோம், நியாயம்தான். எதைப் போடுவது என்று சொன்னவர் பெயர் அந்த ஓரத்தில் வராது. தப்பான படம் போனால் மட்டும் ஆசிரியர் அறைக்கு அழைப்பு வரும். சாஃப்ட்வேர் என் நாற்காலியில் தாராளமாக உட்காரட்டும். அந்த அறைக்குப் போய்த் திட்டு வாங்குவது யார் என்பதையும் அந்தத் தம்பி இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.