உடையாமல் நிற்கும் 600 வருடக் கண்ணாடி

கண்ணாடி என்றால் உடையும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க் நகரத்துப் பேராலயத்தில், 1408-ல் முடித்த ஒரு கண்ணாடி ஜன்னல் இன்றும் காலை வெயிலில் ஜொலிக்கிறது. உள்நாட்டுப் போர், மூன்று பெரிய தீ, இரண்டு உலகப் போர்கள் என எல்லாவற்றையும் அந்தக் கட்டடம் பார்த்துவிட்டது. கண்ணாடி மட்டும் எப்படித் தப்பியது? அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால், பார்ப்பதெல்லாம் இரண்டு மடங்கு அழகாகத் தெரியும்.

லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் யார்க். ஸ்டேஷனிலிருந்து ஊஸ் நதிப் பாலத்தைக் கடந்து கால் மணி நேரம் நடந்தால் ‘யார்க் மின்ஸ்டர்’ என்ற அந்தப் பேராலயம். 1220 வாக்கில் தொடங்கி 1472 வரை, தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறார்கள்.

சுவர் எங்கே போனது?

உள்ளே நுழைந்ததும் ஒன்று உறைக்கும். சுவர் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஜன்னல்! இதுதான் கோதிக் கட்டடக்கலையின் சூட்சுமம். கூர்முனை வளைவுகள் கூரையின் பாரத்தைத் தூண்களுக்கு இறக்குகின்றன. வெளியே நிற்கும் முட்டுச்சுவர்கள் பக்கவாட்டில் தாங்கிக்கொள்கின்றன. இடையில் உள்ள சுவருக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணாந்து பார்த்தால் கல்லால் கட்டிய வளைவுக் கூரை போலத் தெரியும். உண்மையில் அது மரம். கல் மாதிரி தெரியும்படி செய்திருக்கிறார்கள். அகலமான கூடம் என்பதால் பாரம் குறைந்தது. ஆனால், தீக்கும் அது வசதியாகிவிட்டது. 1829, 1840, 1984 என மூன்று முறை கூரையின் வெவ்வேறு பகுதிகள் எரிந்திருக்கின்றன.

டென்னிஸ் கோர்ட் அளவு ஜன்னல்

கிழக்குக் கோடியில் இருக்கும் பெரிய ஜன்னல் ஏறக்குறைய ஒரு டென்னிஸ் கோர்ட் அளவு. ஜான் தார்ன்டன் என்ற கைவினைஞரை கவென்ட்ரி நகரிலிருந்து வரவழைத்து 1405-ல் ஒப்பந்தம் போட்டார்கள். மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும். நன்றாகச் செய்தால் 10 பவுண்டு கூடுதல். மனிதர் சொன்ன கெடுவுக்குள் முடித்தார். மொத்தக் கூலி 56 பவுண்டு! உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி உலகம் முடியும் நாள்வரை, பைபிள் காட்சிகள் 300-க்கும் மேற்பட்ட கட்டங்களில் விரிகின்றன. உச்சியில் கடவுள் அமர்ந்திருக்கிறார். ‘ஆதியும் அந்தமும் நானே’ என்ற பொருளில் அவர் கையிலுள்ள புத்தகத்தில் லத்தீன் எழுத்துகள்.

இந்த வண்ணங்களில் பெரும்பாலானவை மேலே பூசியவை அல்ல. உருக்கும்போதே உலோகங்களைச் சேர்த்துவிடுவார்கள். கோபால்ட் சேர்த்தால் நீலம். சிவப்பு மட்டும் அடம்பிடிக்கும்; கண்ணாடி முழுக்கச் சிவப்பாக இருந்தால் கறுப்பாகத் தெரியும். அதனால் வெள்ளைக் கண்ணாடிமேல் மெல்லிய சிவப்பு அடுக்கை ஒட்டவைத்தார்கள். வெள்ளிக் கலவையைத் தடவிச் சூளையில் சுட்டால் மஞ்சள் வரும். தேவதையின் முகமும் பொன்னிறத் தலைமுடியும் ஒரே துண்டில் அமைவது அப்படித்தான். கண், மூக்கு, துணி மடிப்பு போன்ற கோடுகளைக் கறுப்புக் கலவையால் தீட்டிச் சுடுவார்கள். பிறகு துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைப்பார்கள்.

காப்பாற்றிய கைகள்

1644-ல் உள்நாட்டுப் போர். மன்னருக்கு எதிரான நாடாளுமன்றப் படை யார்க் நகரை முற்றுகையிட்டுப் பிடித்தது. அந்தக் காலத்தில் அந்தப் படையினர் தேவாலயச் சித்திரங்களை உடைப்பது வழக்கம். ஆனால், தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் யார்க்‌ஷர் மண்ணின் மைந்தர். ‘இங்கே கை வைக்கக் கூடாது’ என்று தடுத்துவிட்டார்.

முதல் உலகப் போரில், 1916-ல் ஜெப்பலின் ஆகாயக் கப்பல்கள் யார்க்கில் குண்டு போட்டன. ஜன்னல்களைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். அவற்றில் ஒன்று ‘ஐந்து சகோதரிகள்’. 16 மீட்டர் உயரத்தில் ஐந்து ஒல்லியான ஜன்னல்கள். 1,00,000-க்கும் அதிகமான துண்டுகள். 13-ஆம் நூற்றாண்டு வேலை. பளிச் வண்ணம் அதிகமில்லை. மழை நாள் வானம் போல ஒரு சாம்பல் பச்சை. போருக்குப் பின் பெண்கள் பணம் திரட்டி இதைச் சீரமைத்தார்கள். அந்தப் போரில் பணியில் இறந்த பெண்களின் நினைவாக 1925-ல் மீண்டும் திறந்தார்கள். பக்கத்திலேயே ஓக் மரப் பலகைகளில் 1,400-க்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள். பலர் நர்ஸுகள். நின்று சில பெயர்களையாவது வாசியுங்கள்.

1984 ஜூலை 9-ஆம் தேதி அதிகாலை, தெற்குப் பகுதிக் கூரை எரிந்து விழுந்தது. மின்னல்தான் காரணமாக இருக்கும் என்பது விசாரணை முடிவு. அங்கிருந்த ‘ரோஜா ஜன்னல்’ சூட்டில் சுமார் 40,000 சில்லுகளாக விரிசல்விட்டது. ஆனால் விழவில்லை! அதற்குச் சில வருடங்கள் முன்புதான் ஈயப் பட்டைகளைப் புதுப்பித்திருந்தார்கள். அந்தப் பிடிமானம் காப்பாற்றியது. விரிசல்களைப் பசையால் ஒட்டி, இரண்டு தெளிந்த கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துத் திரும்பப் பொருத்தினார்கள். புதிய கூரை அலங்காரத்துக்கு பிபிசி-யின் ‘புளூ பீட்டர்’ நிகழ்ச்சி சிறுவர்களுக்குப் போட்டி வைத்தது. நிலவில் மனிதன் இறங்கிய காட்சிகூட அதில் ஜெயித்தது. 800 வருடப் பாரம்பரியக் கூரையில் சிறுவர்களின் ஓவியம் மரச் சிற்பமாக இருக்கிறது. பிள்ளைகளோடு போனால் தேடச் சொல்லுங்கள்.

தார்ன்டனின் பெரிய ஜன்னலுக்கும் சீரமைப்பு தேவைப்பட்டது. 2008-ல் கழற்றினார்கள், 2018-ல்தான் வேலை முடிந்தது. அவர் மூன்று வருடத்தில் செய்ததைப் பழுதுபார்க்க பத்து வருடம். வெயிலின் புற ஊதாக் கதிர் தாக்காதபடி வெளியே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் ஒரு சின்ன சர்ச்

மின்ஸ்டரோடு ஊர் திரும்பிவிடாதீர்கள். ஸ்டேஷன் போகும் வழியில், நதியைத் தாண்டியதும் நார்த் தெருவில் ‘ஆல் செயின்ட்ஸ்’ என்று ஒரு சின்ன தேவாலயம். அங்கே 15-ஆம் நூற்றாண்டு ஜன்னல்கள் கண்ணுக்கு எட்டிய உயரத்திலேயே இருக்கின்றன. ஒன்றில் உலகத்தின் கடைசிப் பதினைந்து நாள்கள்: கடல் பொங்குகிறது, மரங்கள் எரிகின்றன, நட்சத்திரங்கள் விழுகின்றன. இன்னொன்றில் தாடி வைத்த ஒருவர் பசித்தவருக்குச் சோறு போடுகிறார், தாகத்துக்குத் தண்ணீர் தருகிறார், நோயாளியையும் கைதியையும் பார்க்கப் போகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தப் படம் புரிந்திருக்கும். நமக்கும் புரிகிறது.

போகும் முன்

கிழக்கு ஜன்னலுக்குக் காலை நேரம் நல்லது. சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். உயரத்தில் இருக்கும் முகங்கள் அதில்தான் தெரியும். மின்ஸ்டரைச் சுற்றிப்பார்க்கக் கட்டணம் உண்டு. கட்டடப் பராமரிப்புக்கும் அந்தப் பணம் உதவுகிறது. கல் தச்சர்களும் கண்ணாடிக் கலைஞர்களும் இப்போதும் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு ஜன்னலை முடித்ததும் அடுத்தது காத்திருக்கிறது. 600 வருடமாக இந்தக் கண்ணாடி நிற்பதற்கு, விடாமல் தொடரும் இந்த வேலைதான் காரணம்.