மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பிக்கு

இங்கிலாந்தில் கடற்கரை விடுமுறை என்றதும் எல்லோருக்கும் ஆகஸ்ட்தான் நினைவுக்கு வரும். அறை வாடகை எகிறிக் கிடக்கும். மீன் கடைகளின் வரிசை தெருமுனையைத் தாண்டும். வட யார்க்ஷர் கரையிலுள்ள விட்பிக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் அக்டோபரைச் சொல்வேன். பள்ளிகளுக்கு மாதக் கடைசியில் ஒரு வாரம் விடுமுறை வரும். அதற்கு முந்தைய வாரங்கள் இன்னும் நல்லது. இரண்டு இரவு தங்கினால் போதும். லண்டனிலிருந்தோ எடின்பரோவிலிருந்தோ வருபவர்கள் டார்லிங்டனில் மாறி மிடில்ஸ்பரோவுக்கு வந்து, அங்கிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு ரயிலைப் பிடியுங்கள். தூரம் 56 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். விடுமுறை மிடில்ஸ்பரோ பிளாட்பாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

டீஸ் நதியோரம் இரும்பினால் வளர்ந்த ஊர் மிடில்ஸ்பரோ. சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டிய டார்மன் லாங் கம்பெனி இந்த ஊரைச் சேர்ந்தது. பக்கத்து ரெட்கரில் இருந்த பெரிய உருக்காலை 2015-ல் மூடப்பட்டது. ரயில் ஊரைவிட்டு வெளியேறும் முன்பே ஜேம்ஸ் குக் என்றொரு நிலையம் வரும். அருகிலுள்ள மருத்துவமனையின் பெயர் அது. மருத்துவமனைக்கு அந்தப் பெயர் வரக் காரணமான கடலோடி 1728-ல் பிறந்தது அடுத்த நிலையமான மார்ட்டனில். அவர் படித்தது சில நிலையங்கள் தள்ளி, கிரேட் ஏட்டனில். கப்பல் தொழிலைக் கற்றது பாதை முடியும் விட்பியில். ஒரு மனிதரின் இளமைக்காலத்தை வரிசை மாறாமல் தொட்டுச் செல்லும் ரயில் பாதை வேறு எங்காவது இருக்கிறதா தெரியவில்லை.

பேட்டர்ஸ்பியில் ரயில் முட்டி நிற்கும். ஓட்டுநர் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, பிளாட்பாரத்தில் நடந்து, மறுமுனைப் பெட்டியில் ஏறுவார். வந்த திசையிலேயே புறப்படும் ரயில் கொஞ்ச தூரத்தில் பிரிந்து கிழக்கே திரும்பும். ஒரு காலத்தில் இங்கிருந்து மேற்கேயும் பாதை ஓடியது. அது போய்விட்டதால் இந்தத் திருப்பம். எஸ்க் பாதையும் 1960-களில் மூடப்பட வேண்டியதுதான். விட்பிக்கு அப்போது எஞ்சியிருந்த மற்றப் பாதைகள் 1965-ல் மூடப்பட்டன. பனிக்காலத்தில் இந்தச் செங்குத்தான மலைச் சாலைகளில் பஸ்ஸை நம்ப முடியாது, பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை என்பதால் இது மட்டும் தப்பியது.

கில்டேல், காமண்டேல், காசில்டன் மூர், டேன்பி. இந்தப் பகுதியில் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். ஹெதர் புதர்களின் ஊதாப்பூ செப்டம்பரோடு வாடி, அக்டோபரில் மேட்டு நிலம் முழுக்கக் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். சரிவுகளில் பெரணி துருப்பிடித்த சிவப்பு. பள்ளத்தில் எஸ்க் ஆறு, சின்னது, கருந்தேன் நிறத்தில். யார்க்ஷரில் சால்மன் மீன் ஏறும் முக்கியமான ஆறு இதுதான். இலையுதிர்கால மழையில் நீர் உயரும்போது கடலிலிருந்து முட்டையிட மேலேறி வரும். இதே ஆற்றில் நன்னீர் முத்துச் சிப்பிகளும் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் குஞ்சுகள் சால்மன், டிரவுட் மீன்களின் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் முதல் சில மாதங்களைக் கழிக்கும். மீன் குறைந்தால் சிப்பியும் குறையும்.

கிளேஸ்டேலில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் பெக்கர்ஸ் பிரிட்ஜ். 1619-ல் தாமஸ் ஃபெர்ரிஸ் என்பவர் கட்டிய ஒற்றை வளைவுக் கல் பாலம். ஏழைப் பையன், அக்கரைப் பெண்ணை விரும்பினான், கடலுக்குப் போகும் முன் விடைபெற வந்த இரவில் ஆறு பெருகிக் கடக்க முடியவில்லை, பிறகு பணக்காரனாகத் திரும்பி அவளையே மணந்து, இனி யாருக்கும் அப்படி நேரக்கூடாது என்று பாலம் கட்டினான் என்பது ஊர்க் கதை. அவர் பின்னாளில் ஹல் நகரத்தின் மேயரானார் என்பது வரலாறு. மழை நாளில் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் கதையை நம்பாமல் இருக்க முடியாது.

அங்கிருந்து காட்டு வழியே எக்டன் பிரிட்ஜ் வரை நடக்கலாம். நிலையத்தை ஒட்டியே போஸ்ட்கேட் என்ற பப் இருக்கிறது. கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்த குற்றத்துக்காக, எண்பது வயது கடந்த பிறகு 1679-ல் யார்க்கில் தூக்கிலிடப்பட்ட நிக்கோலஸ் போஸ்ட்கேட்டின் பெயர் அது. புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று: இந்த ஊர் பப்களில் கவுன்ட்டரில் போய் நீங்களே சொல்லிப் பணம் கட்டி வாங்க வேண்டும், மேஜையில் உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். சமையலறையைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள். மது குடிக்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஒரு கோப்பை தேநீரோடு கணப்படுப்பின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள்.

அடுத்தது குரோமண்ட். இங்கிருந்து பிக்கரிங் வரை நீராவி ரயில் ஓடுகிறது. ஜார்ஜ் ஸ்டீவன்சன் அமைத்து 1836-ல் திறந்த விட்பி–பிக்கரிங் பாதையில் முதலில் பெட்டிகளை இழுத்தவை குதிரைகள். அந்தப் பழைய தடத்தின் ஒரு பகுதி இன்று நடைபாதை. அதில் மேலேறினால் பெக் ஹோல் என்ற குட்டிக் கிராமமும், இரண்டு சிறிய அறைகளுக்கு நடுவே மிட்டாய்க் கடை வைத்த பர்ச் ஹால் இன் என்ற பப்பும் வரும். ஒரு பகல் முழுக்க இதற்கே கொடுக்கலாம்.

ஸ்லைட்ஸும் ரஸ்வார்ப்பும் விரைவாகக் கடந்துவிடும். தலைக்கு மேல் லார்பூல் செங்கல் பாலத்தின் 13 வளைவுகள் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது. அதன் மேல் ரயில் ஓடி நாளாகிறது. இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும்.

விட்பியில் 199 படிக்கட்டுகளையும், மேலே இடிந்து நிற்கும் மடாலயத்தையும், 1890-ல் இங்கே வந்து தங்கிய பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலாவையும் பற்றி எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். நான் சொல்ல விரும்புவது மடாலயத்தைத் தாண்டிக் குன்றின் விளிம்பில் போகும் பாதையை. ராபின் ஹூட்ஸ் பே வரை 11 கிலோமீட்டர். காலையிலேயே கிளம்புங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்துவிட்டால் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். திரும்ப பஸ் இருக்கிறது.

அந்தப் பாதையில் முதலில் வருவது சால்ட்விக். 1914 அக்டோபர் 30 விடியற்காலையில் ரோஹில்லா என்ற மருத்துவக் கப்பல் இங்கேதான் பாறையில் மோதியது. போர்க்காலம், கரை விளக்குகள் அணைந்திருந்தன. 229 பேருடன் டன்கர்க்குக்குக் காயம்பட்டவர்களை ஏற்றிவரப் போய்க்கொண்டிருந்தது. கரை கூப்பிடு தூரத்தில். ஆனால் புயலில் துடுப்புப் படகுகளால் நெருங்க முடியவில்லை. ஜான் ஃபீல்டன் என்ற படகு இரண்டு முறை போய் 35 பேரைக் காப்பாற்றி உடைந்தது. மூன்றாம் நாள் காலையில் டைன்மவுத்திலிருந்து வந்த மோட்டார் படகு, அலைமேல் எண்ணெயை ஊற்றி அடக்கி, கடைசி 50 பேரை மீட்டது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் டைட்டானிக்கிலிருந்தும் உயிர் தப்பிய மேரி ராபர்ட்ஸ் ஒருவர்.

ரோஹில்லா யாருடைய கப்பல் என்பது நமக்கு முக்கியம். 1906-ல் கட்டப்பட்ட அதன் உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அதே 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்தக் கம்பெனியை எதிர்த்துத்தான். கொழும்புத் தடத்தில் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி அவரை முடக்கப் பார்த்தவர்கள் இவர்கள். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் குன்றில் நின்றபோதும் எனக்குத் துடுப்புப் படகுக்காரர்களின் முகம்தான் மனதில் வந்தது. சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல அவர்கள், ஊர் மீனவர்கள்.

இனி சாப்பாடு. யார்க்ஷரில் பொரித்த மீன் என்றால் ஹாடக். பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். அது வேண்டாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள், தாவர எண்ணெய்க் கடைகளும் உண்டு. ஹென்ரியட்டா தெருவில் ஃபார்ச்சூன்ஸ் குடும்பம் 1872 முதல் கிப்பர் செய்கிறது. ஹெர்ரிங் மீனை முதுகுப் பக்கம் பிளந்து, உப்புநீரில் ஊறவைத்து, கம்பிகளில் வரிசையாக மாட்டி, மரத்தூள் புகையில் விடுகிறார்கள். புகைக்கூடத்தின் சுவர்கள் தார் படிந்து மினுங்கும். ஒரு ஜோடி வாங்கி வெண்ணெயில் வாட்டிப் பாருங்கள்; நம் கருவாட்டு நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ஒரு காலத்தில் ஹெர்ரிங் கூட்டத்தைத் தொடர்ந்து ஸ்காட்லாந்துப் பெண்கள் ஒவ்வொரு துறைமுகமாக இறங்கி வந்து மீன் அறுத்தார்கள். அளவுமீறிப் பிடித்ததில் 1977-ல் வட கடலில் ஹெர்ரிங் பிடிப்பதையே நிறுத்த வேண்டி வந்தது.

இன்று இந்தத் துறைமுகத்தைத் தாங்கி நிற்பவை நண்டும் லாப்ஸ்டரும். நண்டின் வெள்ளைச் சதையையும் பழுப்புச் சதையையும் தனித்தனியே எடுத்து, ஓட்டிலேயே திரும்ப நிரப்பி, ரொட்டியும் எலுமிச்சையும் வைத்துத் தருவார்கள். மசாலா கிடையாது, மிளகு மட்டும் தூவிக்கொள்ளுங்கள். பழுப்புச் சதையை ஒதுக்காதீர்கள், ருசி அதில்தான் இருக்கிறது.

2021 இலையுதிர்காலத்தில் டீஸ் முகத்துவாரத்திலிருந்து விட்பிப் பக்கம் வரை நண்டுகள் செத்துக் குவியல் குவியலாக ஒதுங்கின. பாசிப் பெருக்கம் என்றது அரசு. டீஸ் அடிமண்ணைத் தோண்டியபோது கிளம்பிய பழைய ஆலை ரசாயனம் என்றார்கள் மீனவர்களும் சில பல்கலைக்கழக ஆய்வாளர்களும். புதிய நோய்க்கிருமி ஒன்றாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றது 2023-ல் நிபுணர் குழு. மிடில்ஸ்பரோ முனையில் நதிக்கு என்ன நடக்கிறதோ, அதன் கேள்வி விட்பி முனையில் கூடைகளில் வந்து நிற்கிறது. கூடை வெறுமையாக வந்த அந்தப் பருவத்திலும் படகுக் கடனைக் கட்ட வேண்டியிருந்தவர்கள் மீனவர்கள்தான். ஆகவே விட்பியில் நண்டு கேட்கும்போது, இந்தத் துறைமுகத்தில் இறங்கியதா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் விலை பார்க்காமல் வாங்குங்கள்.