மாடம்பாக்கத்தில் மாட்டிய விரால்!

தாம்பரம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மின்சார ரயில், பஸ் ஸ்டாண்ட் கூட்டம், தீபாவளிக்கு முதல் நாள் ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக். ஆனா மேப்பை எடுத்துப் பாருங்க பாஸ், சுத்தி எங்கே பார்த்தாலும் ஏரி! சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை... ஊர்ப் பேரைச் சொன்னா ஏரிப் பேரையும் சொன்ன மாதிரிதான்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு விடியற்காலை நானும் ரூம்மேட்டும் கிளம்பியது மாடம்பாக்கத்துக்கு. வேளச்சேரி ரோட்டில் ராஜகீழ்ப்பாக்கம் வரை போய் தெற்கே திரும்பணும். சோழர் காலத்து தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். யானையின் பின்பக்கம் மாதிரி வளைஞ்ச விமானம், பார்க்கவே அழகு. 2021-ல தாம்பரம் மாநகராட்சியில சேர்ந்தாச்சு. ஊருக்குக் குடிநீர் தரும் கிணறுகள் ஏரிக்குள்ளேயே இருக்கு.

பல ஏரிகளில் மீன் குத்தகை உண்டு. கேட்காமல் தூண்டில் போட்டா வம்பு. கரையில் வலை உதறிக்கிட்டிருந்த அண்ணன்கிட்ட கேட்டோம். எங்க தூண்டிலை மேலும் கீழும் பார்த்தவர், "ரெண்டு பேருக்குக் குழம்புக்கு ஆகுற அளவு புடிச்சுக்குங்க தம்பி"ன்னார்.

வெளிநாட்டு ஏரிகள்ல படகை மெதுவா ஓட்டிக்கிட்டே, பின்னாடி போலி இரையை இழுத்துட்டுப் போவாங்க. ட்ரோலிங்னு பேரு. நமக்குப் படகுக்கு எங்கே போறது? அதனால கரையோரமா நடந்துகிட்டே, ரப்பர் தவளையைப் பாசி மேல தத்தித் தத்தி இழுக்கிறதுதான் நம்ம லோக்கல் வெர்ஷன். ரூம்மேட் பழைய ஸ்டைல்: மூங்கில் குச்சி, தக்கை, மண்புழு. ஒரு மணி நேரத்துல அவன் பையில ஏழு ஜிலேபி! ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாக் கொண்ட, 1952-ல இந்தியாவுக்கு வந்த மீன் இது. திலேப்பியாங்கிற பேரை நம்மாளுங்க ஜிலேபியாக்கிட்டாங்க.

எனக்கு மட்டும் ஒண்ணும் சிக்கலை. விரால் அப்பப்போ மேல வந்து காற்றைக் குடிச்சுட்டுப் போகும். அந்த 'ப்ளக்' சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டே நடந்தேன். ஏழரை மணி இருக்கும். தாமரை இலைப் பக்கம் தவளை தத்தினதும் தண்ணி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். நரம்பு விறைச்சு, கம்பு வில்லா வளைஞ்சு... மூணு நிமிஷப் போராட்டம். கரையில வந்து விழுந்துது ஒண்ணரைக் கிலோ விரால்!

உண்மையான சோதனை அதுக்கப்புறம்தான். பத்தடி தூரத்துல தண்ணி மேல ஆரஞ்சு கலர்ல ஏதோ கொதிக்குது. நூத்துக்கணக்கான விரால் குஞ்சுங்க! அடியில நிச்சயம் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். பக்கத்துல எது வந்தாலும் பாயும். தவளையை அங்கே போட்டா அடுத்த நொடி மீன் கையில. என்னதைவிடப் பெரிசா இருக்கவும் வாய்ப்பு உண்டு.

"போடு மச்சி!"ன்னு ரூம்மேட் குதிக்கிறான்.

அண்ணன் வலையிலிருந்து தலையைத் தூக்கலை. "அதைப் புடிச்சா அத்தனை குஞ்சையும் கெண்டையும் கொக்கும் தின்னுடும். ஒரு மாசம் போவட்டும், அதுங்களே பிரிஞ்சு போயிடும். அப்புறம் வாங்க."

"நாம விட்டா வேற எவனாவது புடிக்கத்தானே போறான்?"னான் இவன். நியாயமான கேள்விதான். என்கிட்ட பதில் இல்லை. ஆனா அந்த ஆரஞ்சு மேகம் மெதுவா நகர்றதைப் பார்த்துட்டு தவளையை வீச எனக்குக் கை வரலை. நரம்பைச் சுத்தி வெச்சுட்டேன்.

மத்தியானம் ரூமே மணத்துது. விரால், புளி தூக்கலா குழம்பாச்சு. ஜிலேபியை உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தடவை அலசி, மிளகாய்த்தூள் தடவி வறுத்தோம். பக்கத்து ரூம் பசங்க தட்டோட வந்துட்டாங்க.

அடுத்த மாசம் செமஸ்டர் எக்ஸாம். நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை காலியா இருக்கான்னு ரூம்மேட் இப்பவே காலண்டரைப் புரட்டிக்கிட்டு இருக்கான்!