கல்லில் இல்லாத பெயர்

எவரிடமும் பிடிபடாத சாமர்த்தியசாலியை, "அவன் பெரிய எம்டன்" என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. அச்சொல் ஒரு போர்க்கப்பலின் பெயர் என்பதை இளைஞர் பலர் அறியார். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் மாண்டனர். அஞ்சிய மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். நவம்பர் 9-ஆம் நாள், கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி, எம்டனை வீழ்த்தியது. 130-க்கும் மேற்பட்ட மாலுமிகள் மடிந்தனர். கப்பல் அழிந்தது, அதன் பெயர் நம் நாவில் நிலைத்தது.

அதே போருக்கு நம் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து சென்றவர்களின் பெயர்கள் என்னவாயின? சில ஊர்களில் பழைய கற்பலகைகள் உண்டு. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்று அவை கூறும். எண் உண்டு, பெயர் இல்லை.

என் பங்கில் ஒரு மூதாட்டி, ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளில் தம் பாட்டனாருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்வார். மெசொப்பொத்தேமியாப் போர்முனைக்குச் சென்று திரும்பாதவர் அவர். "பஸ்ராவிலே கல் நாட்டியிருக்கிறார்களாமே, சாமி. அதிலே தாத்தா பெயர் இருக்குமா?" என்று ஒருமுறை வினவினார். "கட்டாயம் இருக்கும், அம்மா" என்று விசாரியாமலே சொல்லிவிட்டேன். ஆறுதல் கூறுவதாக என் எண்ணம்.

பின்னர் படித்தறிந்தபோது நெஞ்சு சுட்டது. 1929-இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவுச் சின்னம் 40,000-க்கும் அதிகமானோரை நினைவுகூர்கிறது. பிரித்தானிய வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. இந்தியருள் அதிகாரிகள் மட்டுமே பெயர் பெற்றனர். சாதாரணச் சிப்பாய்கள் தத்தம் படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாயினர். இத்தகைய வேற்றுமைகளுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் மன்னிப்புக் கேட்டது. நான் மட்டும் வாளாவிருக்கலாமா?

மூதாட்டியின் இல்லம் சென்றேன். "நான் சொன்னது தவறு, அம்மா. சாதாரணச் சிப்பாய்களின் பெயரை அவர்கள் கல்லில் எழுதவில்லை" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் பூசையிலே அவர் பெயரை இன்னும் கொஞ்சம் உரக்க வாசியுங்கள், சாமி" என்றார்.

கல்லறைத் திருநாளன்று குருக்கள் மூன்று திருப்பலிகள் நிறைவேற்றும் அனுமதியைத் திருச்சபை முழுவதற்கும் வழங்கியவர் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட். அவர் அதை வழங்கிய ஆண்டு 1915. போரில் மாண்டோர் பெருகிக்கொண்டிருந்த வேளை. அன்றைய என் முதல் திருப்பலி அந்தப் பாட்டனாருக்கு. மரித்த விசுவாசிகள் அனைவருக்குமான இரண்டாவது திருப்பலியில், சென்னையில் மாண்டவர்களையும் எம்டனின் மாலுமிகளையும் சேர்த்தே நினைக்கிறேன். இறைவனின் திருமுன் அவர்களுள் எவரும் எண்ணல்லர்.

அன்பர்களே, போருக்குச் சென்று திரும்பாத முன்னோர் உங்கள் குடும்பத்தில் உண்டா? முதியவர்களிடம் இன்றே கேளுங்கள். அப்பெயரை ஒரு தாளில் எழுதி, உங்கள் பங்குத்தந்தையிடம் கொடுங்கள்.