வளவும் வர்ணமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. மாரியிலே ஓடிக் கோடையிலே மறைந்துவிடும் வழுக்கியாற்றை ஆறு என்று அழைப்பது ஊரவரின் பெருந்தன்மை என்றே கூறவேண்டும். ஆதலால் இயற்கைக் காட்சியைத் தீட்ட விரும்பும் ஓவியன் இங்கு நெடுந்தூரம் செல்வதனாற் பெரும்பயன் எதுவுமில்லை. அவனுக்கு வாய்த்த இயற்கை அவனது வளவே. கிணற்றடி வாழை, கோடியிலே நிற்கும் முருங்கை, முற்றத்து மா, பூவரசும் கிளுவையும் கதியால்களாக நிற்கும் வேலி ஆகியவையே அவனுடைய மலையும் ஆறுமாம்.

பிழைப்புக்காகவன்றி ஓய்வுக்காக ஓவியந் தீட்டுவோர் இந்நிலத்துக்குப் புதியவரல்லர். 1920களில் இலங்கைக் கல்வித் திணைக்களத்திற் சித்திர வித்தியாதரிசியாகக் கடமையாற்றிய வின்சரின் பெயரைத் தாங்கி, 1938ஆம் ஆண்டில் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்திலே ஓர் ஓவியக் கழகத்தைத் தோற்றுவித்தார். அதன் பின்னர் ஓவியர் மாற்கு முதலியோர் ஈடுபட்டுழைத்த விடுமுறைக்கால ஓவியர் கழகம் உருவாயிற்று. 'விடுமுறைக்காலம்' என்னும் சொல் ஊன்றி நோக்கத்தக்கது. ஓவியம் என்பது சோறு போடுந் தொழிலன்று, தொழில் முடிந்தபின் எஞ்சும் பொழுதுக்குரியது என்ற நிலைமையை அச்சொல் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கின்றது. எஞ்சும் பொழுது என ஒன்று இல்லாத காலத்திலே இக்கலைக்கு என்ன நேரும் என்னும் வினாவும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கின்றது.

2022ஆம் ஆண்டின் முன்கோடை அத்தகைய காலமாய் அமைந்தது. பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரசு வேண்டிக்கொண்டது. யூன் மாதத்திலே, அரசாங்க ஊழியர் உணவுப் பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையளிக்கவும் தீர்மானித்தது.

அக்கோடையிலே கொக்குவிலில் ஓர் ஆசிரியை தமது வளவை ஓவியமாகத் தீட்டிக்கொண்டிருந்தார். கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். சித்திரத்தை முறையாகக் கற்றவரல்லர். நீர்வர்ணப் பெட்டி ஒன்றும் மூன்று தூரிகைகளும் அவருடைய உடைமைகள். இலக்கியம் இளவேனில் என்று போற்றும் சித்திரையும் வைகாசியும் குடாநாட்டிலே இளமையானவையுமல்ல, மென்மையானவையுமல்ல. காலை எட்டு மணிக்குப் பின்னர் தாளிலே பூசிய நீர் பரவுமுன்னரே காய்ந்துவிடும்; வர்ணம் திட்டுத்திட்டாக நின்றுவிடும். எனவே அவர் விடியற்புறத்திலே தண்ணீர் இறைத்து, பாத்திகளுக்கு வார்த்து, அதன் பின்னர் வெயில் ஏறும்வரை கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தையே ஓவியத்துக்கு ஒதுக்கினார்.

வளவின் நிலைமையும் அவ்வாண்டு மாறியிருந்தது. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நின்ற கீழைப்புறத்தை வெட்டித் திருத்தி மரவள்ளி நட்டார். எஞ்சிய இடத்திலே கத்தரியும் பசளியும் வைத்தார். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதன் பின்னர் பசளையின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றிருந்தமையால், முந்தையோர் செய்தவாறு வேலிக் கதியால்களின் குழையை வெட்டி மண்ணிலே தாழ்த்தார். நீர் இறைக்கும் யந்திரத்துக்கு மின்சாரம் இல்லாத நாட்களில் வாளியும் கயிறுமே கைகொடுத்தன.

ஒருநாள் மண்ணெண்ணெய் வரிசையிலிருந்து வெறுங்கையுடன் திரும்பிய அவருடைய தமையனார், மாமரத்தின் கீழே தாளும் தூரிகையுமாக இருந்த தங்கையைக் கண்டு சினந்தார்.

"ஊரே உலையிலை போட அரிசிக்கு அலையுது. நீ இருந்து படம் கீறுகிறாய், பிள்ளை."

"பாத்திக்குத் தண்ணி விட்டிட்டுத்தான் அண்ணை கீறுறன்" என்றார் ஆசிரியை.

விடை பொருத்தமானதுதான், ஆயினும் அது வினாவை முற்றாகத் தீர்க்கவில்லை. தண்ணீர் விட்டபின் எஞ்சும் பொழுதிலே இன்னுமொரு பாத்தி கொத்தலாமே என்று தமையனார் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. ஆனால் ஆசிரியை அதனைத் தம்மிடமே கேட்டுக்கொண்டார் போலும். மறுநாள் முதல் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் திகதியையும் நேரத்தையும், கிணற்றுக் கட்டிலிருந்து மரத்துக்கு எத்தனை அடி என்பதையும், எந்தப் பாத்தியில் எந்நாள் எது நடப்பட்டது என்பதையும் எழுதலானார். படம் தோட்டத்தின் கணக்கேடாகவும் ஆயிற்று.

கடதாசிக்குப் பழைய நாட்காட்டித் தாள்களின் வெற்றுப்புறம் பயன்பட்டது. பச்சை வர்ணம் பங்குனியிலேயே தீர்ந்தது. நீலத்தையும் மஞ்சளையும் கலந்து இலைகளைத் தீட்டினார். அதனால் ஒரு நன்மை விளைந்தது. மாவின் முற்றிய இலை ஒரு பச்சை, பசளி வேறொரு பச்சை, கிளுவையின் தளிர் இன்னொரு பச்சை என்பதைக் கண் பிரித்தறியத் தொடங்கியது. மாந்தளிரும் வேப்பந்தளிரும் முதலிற் செம்பு நிறங் கொண்டு பின்னரே பச்சையாகின்றன என்பதை எல்லாரும் அறிவர். அம்மாற்றம் எத்தனை நாளிலே நிகழ்கின்றது என்பதைத் தீட்டுபவரே அறிவர்.

செந்நிறம் முடிந்தபோது கடைக்குப் போகவில்லை. வலிகாமத்துச் செம்மண் காலடியிலே கிடந்தது. அதனைத் துணியில் அரித்து, நீரிலே கரைத்துத் தெளியவிட்டு, அடியிற் படிந்த நுண்மண்ணை விளாம் பிசினுடன் குழைத்துக்கொண்டார். மண்ணைத் தீட்டுவதற்கு மண்ணே வர்ணமாயிற்று. வெண்சுண்ணம் பூசிய கிணற்றுக் கட்டைத் தீட்டுவதற்கோ வர்ணமே வேண்டியிருக்கவில்லை. வெயில் விழும் இடத்தைத் தீட்டாது விட்டால் அதுவே வெள்ளை.

அவ்வரிசையிலே சிறந்தது சித்திரை வருடப்பிறப்பை அடுத்துத் தீட்டிய படம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. வடக்கு நோக்கிச் செல்லும் சூரியன் ஏப்பிரல் நடுப்பகுதியிலே நண்பகலில் இங்கு நேர் உச்சிக்கு வருகின்றது. அவ்வேளை நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழல் இல்லை. மரத்தின் நிழல் அடிமரத்தைச் சுற்றி வட்டமாக ஒடுங்கிவிடும். கணித ஆசிரியைக்கு இது பழக்கமான செய்தி. அந்த ஒருநாள் மட்டும் வழக்கத்தை மாற்றி, ஈரத்துண்டைத் தலையிற் போட்டுக்கொண்டு நண்பகலிலே தீட்டினார். படத்தில் வேலிக்கும் நிழலில்லை, வாளிக்கும் நிழலில்லை. தூரமும் அண்மையும் பிழைத்திருக்கின்றன. வாழை கிணற்றினும் பெரிதாய்த் தோன்றுகின்றது. ஆயினும் அந்நிலத்து வெயிலை அறிந்த எவரும் அப்படத்தைக் கண்டமாத்திரத்திலே கண்ணைச் சுருக்குவர்.

பின்புறத்திலே அளவுகளை எழுதும் வழக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். ஓவியர் மாற்குவின் படைப்புகள் பலவும் அவ்விடப்பெயர்விலே அழிந்தன. கொக்குவில் ஆசிரியையும் இளமையிலே கீறிய படங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டே சென்றார். 1996ஆம் ஆண்டு முன்கோடையிலே திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. மா மட்டும் காய்த்து நின்றது.

ஓவியர் தா. சனாதனன் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்னும் ஓவிய நூல் இவ்விடத்து நினைக்கத்தக்கது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரினால் வீடிழந்தவர்கள் தம் வீடுகளின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுக்க, அவற்றை ஆதாரமாகக் கொண்டு அந்நூல் அமைந்தது. ஓவியப் பயிற்சியற்ற கைகள் கீறிய கோடுகள் அவை. அக்கோடுகளைப் பிழையென்று ஒதுக்கியிருந்தால் அந்நூலே தோன்றியிராது.

ஓய்வுநேர ஓவியத்தின் பெறுமதி பற்றிய விவாதம் பெரும்பாலும் அதன் தரம் பற்றியதாகவே முடிந்துவிடுகின்றது. பஞ்ச காலத்திலே கலை ஆடம்பரம் என்னும் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது; பசித்தவனுக்கு முன்னே மரவள்ளியே பெரிது. ஆனால் கொக்குவில் வளவிலே தூரிகை மண்வெட்டியின் இடத்தைப் பறிக்கவில்லை. மண்வெட்டி திருத்திய நிலத்தையே அது பதிவுசெய்தது. கிழங்கு உண்டு தீர்ந்துவிடும். எந்த ஆண்டிலே, எந்தப் பூஞ்செடியை அகற்றி, எத்தனை அடி நிலத்திலே அக்கிழங்கு விளைந்தது என்னும் செய்தி எங்காவது எழுதப்பட்டாலன்றி நிலைக்காது.

வைகாசியின் பிற்பகுதியிலே சோழகம் எழுந்தது. காற்றுக்குத் தாள் பறக்கத் தொடங்கவே அவ்வாண்டுத் தீட்டல் நின்றுபோயிற்று. பதினொரு படங்கள் சேர்ந்திருந்தன. அவற்றை அவர் சட்டமிட்டு மாட்டவில்லை. காணி உறுதி வைத்திருந்த தகரப்பெட்டியிலே, உறுதியின் மேல் அடுக்கி வைத்தார். கறுத்தக் கொழும்பான் பழுத்தபோது தமையனார் வந்தார். பழத்தைப் பெற்றுக்கொண்டு, மரவள்ளி எப்போது நட்டது என்று விசாரித்தார். ஆசிரியை பெட்டியைத் திறந்து நான்காவது படத்தின் பின்புறத்தைப் பார்த்துத் திகதியைச் சொன்னார்.